கோட்டுக்கு இப்பால்

ரொட்டி வேனின் இரண்டாம் நடை எட்டரை மணிக்கு.
தெமுக்கோவில் அந்நேரம் மழை, இல்லையென்றால்
விறகடுப்புப் புகை, பெரும்பாலும் இரண்டும்.
பின்னால் நானூறு மர்ராக்கெத்தா ரொட்டி சூடு அடங்காமல் கிடக்க
கண்ணாடி உள்ளிருந்து வியர்க்கும்.

கவுப்போலிக்கான் சாலையைக் கிடங்குத் தெரு வெட்டும் இடத்தில்
சிவப்பு ஐம்பத்திரண்டு நொடி.
நான் எண்ணியதில்லை. அவள் எண்ணியிருந்தாள்.
முப்பத்தைந்து, கட்டைகளை வீசிப் பிடிக்க.
இரண்டு, குனிந்து வணங்க.
மிச்சம், கார்களுக்கு நடுவே தொப்பியோடு நடக்க.
பச்சை விழும்போது நடைபாதையில் இருப்பாள்,
ஒரு நாளும் பிந்தியதில்லை.

நிறுத்தக் கோட்டுக்கும்
பாதசாரிகளின் வெள்ளை வரிகளுக்கும் இடையில்
நகராட்சி ஏதோ கணக்கில் விட்டுவைத்த துண்டு நிலம்:
அதுதான் அவள் அரங்கம்.
வாடகை இல்லை, திரை இல்லை,
முதல் வரிசைக்கு மட்டும் எப்போதும் டிக்கெட் இருக்கும்.

அன்று மஞ்சளைப் பார்த்தேன்.
மஞ்சள் என்றால் என்ன என்று
இருபத்தாறு வருடம் முன்பு உரிமத் தேர்வில் எழுதியிருக்கிறேன்:
நிற்க முடியாத அளவு நெருங்கியிருந்தாலொழிய, நில்.
அந்த ‘ஒழிய’வுக்குள்தான் ஊரே குடியிருக்கிறது.
நானும் அதில் ஓர் அறை எடுத்து
ஆக்சிலரேட்டரை மிதித்தேன்.
மனம் மாறிற்று. பிரேக்.
கூடைகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டன.
நின்றபோது கோடு
என் முன்சக்கரத்துக்குப் பின்னால் எங்கோ இருந்தது.

அவள் திட்டவில்லை.
வெள்ளை வரியிலிருந்து என் பம்பர் வரை
கட்டையைத் தரையில் கிடத்திக் கிடத்தி முழம் போட்டாள்.
இரண்டாவதுக்கே இடம் போதவில்லை.
ஐந்தில் இரண்டைக் கக்கத்தில் செருகிக்கொண்டு
மூன்றை மட்டும் வீசினாள், தாழ்வாக,
சுவர் மெல்லிய வீட்டில் பேசுகிறவர்கள்போல.
பிறகு தொப்பி என் ஜன்னலைத் தாண்டிப் போயிற்று.
நூறு பெசோ நாணயம்
என் உள்ளங்கையிலேயே ஈரமாகிக் கிடந்தது.

கோடு போட்டால் ரோடு போடுகிற ஆட்கள் உண்டு.
ரோட்டில் போட்ட கோடே
தெரியாத ஆள் நான்.

மறுநாள் வைப்பரின் ஒவ்வொரு துடைப்புக்கும்
அந்த வெள்ளையைத் தேடிக்கொண்டே வந்தேன்.
பானெட்டுக்கு அடியில் கோடு மறையும் முன்பே நின்றேன்.
கண்ணாடியில் பின்னாலிருந்த பேருந்துக்காரர்
இரண்டு கையையும் விரித்தார்:
இவ்வளவு இடம் யாருக்காம்?

ஐந்தும் மேலே போயின.
கம்பிகளுக்கும் மழைக்கும் நடுவே
கொஞ்ச நேரம் ஒன்றும் கீழே வரத் தேவையில்லை என்பதுபோல் இருந்தது.
அப்புறம் ஒன்று வழுக்கி, விழுந்து, உருண்டு
வேனுக்கு அடியில் புகுந்தது.
நான்கை வைத்து அவள் ஆட்டத்தை முடித்து
வணங்கி
மண்டியிட்டுத் தேடத் தொடங்கியபோது
அவள் கணக்கு முதல்முறையாகப் பிந்தியது.

பச்சை.

ஹாரன் ஒன்று, ஹாரன் மூன்று, பிறகு தெரு முழுக்க ஹாரன்.
பச்சை என்றால் போகலாம் என்றுதான் அர்த்தம்,
போயே தீர வேண்டும் என்றல்ல.
அந்தக் கேள்வியும் தேர்வில் வந்தது.
அன்று தப்பாக எழுதி மதிப்பெண் இழந்தேன்.
ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன்.
என் காலுக்கு ஓரடி கீழே
ஒரு கை தாரைத் தடவிக்கொண்டிருந்தது.

எழுந்தாள். முழங்கை வரை கறுப்பு எண்ணெய்.
“ரயென்” என்றாள், நான் கேட்டதுபோல.
“நிபால்தோ” என்றேன். ஹாரனில்
அவளுக்கு என்ன காதில் விழுந்ததோ, தலையாட்டினாள்.

அதற்குள் மஞ்சள் வந்துவிட்டது.
இந்த முறை ‘ஒழிய’ எதுவும் இல்லை.
கோட்டுக்கு இப்பால் இருந்தேன், இருந்தபடியே இருந்தேன்.
பேருந்துக்காரர் இறங்கி வந்து
என் தாயைப் பற்றி ஏதோ சொன்னார்.
கிடங்குத் தெரு முனைக் கடையில் ரொட்டிக்குக் காத்திருப்பார்கள்.
சிவப்பு.
கட்டைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு
அவள் மறுபடி நடுவுக்கு வந்தாள்.
ஐம்பத்திரண்டு. ஐம்பத்தொன்று.
நானும் எண்ணினேன்.